கசியும் தோட்டத் தடாகத்தைச் சீர்செய்தல்

(இலண்டன் வாழ் தமிழ்க் குடியிருப்பாளர்களுக்காக நகரசபைச் சமூக மண்டபத்தில் ஆற்றப்பட்ட உரை)



நம்மில் பலர் கிணற்றடிச் சீமெந்துத் தொட்டிகளைக் கண்டு வளர்ந்தவர்கள். தொட்டி ஒழுகினால் மேலும் ஒரு பூச்சுப் பூசுவதே நாம் அறிந்த வழக்கம். இங்கு அவ்வழக்கம் நெடுநாள் நிலைப்பதில்லை. கொங்கிறீற் கற்கள் நுண்துளைகள் நிறைந்தவை. அவற்றுள் ஊறிய நீர் குளிர்காலத்தில் உறையும்போது ஏறத்தாழ 9 சதவீதம் விரிவடைந்து பூச்சைப் பிளக்கிறது. ஆகவே, பூசுவதற்கு முன்னர் நீர் வெளியேறும் வழியைக் கண்டறிதல் வேண்டும்.

முதலில் கசிவா, ஆவியாதலா என்பதைத் தீர்மானியுங்கள். ஒரு வாளியில் தடாகத்து நீரை நிரப்பி, தடாகத்தினுள்ளே கல்லின்மேல் நிறுத்துங்கள். வாளியின் நீர்மட்டத்தையும் தடாகத்தின் நீர்மட்டத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். தானாக நீர் நிரப்பும் மிதவைக் குழாய் இருப்பின் அதனை மூடிவிடுங்கள். அது கசிவை மறைத்து, நீர்க் கட்டணத்தை மட்டும் உயர்த்தும். 24 மணிநேரத்தின் பின் தடாகத்தின் மட்டம் வாளியினதைவிடக் கூடுதலாகத் தாழ்ந்திருந்தால் அது கசிவே. நீரூற்று உள்ளவர்கள் பம்பியை நிறுத்தி ஒருமுறையும், இயக்கி ஒருமுறையும் இதனைச் செய்யுங்கள். பம்பி இயங்கும்போது மட்டும் நீர் குறைந்தால், குறை குழாயிலோ வெளியே தெறிக்கும் நீரிலோ இருக்கலாம்.

மீன்களைத் தடாகத்து நீர் நிறைந்த தொட்டிக்கு மாற்றி, வலையால் மூடி, காற்றுப் பம்பியைப் பொருத்துங்கள். பின்னர் நீர்மட்டம் தானாகத் தாழ விடுங்கள். அது நிற்கும் உயரத்திற்கு அண்மையிலேயே பெரும்பாலும் வெடிப்பு இருக்கும். சுவரும் அடித்தளமும் சேரும் மூலையையும் தவறாது பாருங்கள்.

வெடிப்பு சிறியதாயின், அதனை அகலப்படுத்திச் சாந்தால் நிரப்புங்கள். மூலைகளை வளைவாகப் பூசுங்கள். பாசியை நீக்கிச் சுவரை ஈரமாக்கி, நீர்த்தடுப்புச் சீமெந்துக் குழம்பை இருமுறை பூசுங்கள். இரண்டாவது பூச்சு முதலாவதற்குக் குறுக்காக அமையட்டும். உறைபனி நாட்களில் இதனைச் செய்யாதீர்கள். பூச்சு உட்புறத்திலேயே இருக்க வேண்டும். வெளிப்புறம் பூசினால் நீரின் அழுத்தம் அதனைத் தள்ளிவிடும். கல்லும் ஈரமாகவே இருக்கும்.

மூடிய வெடிப்பு மீண்டும் திறந்தால், சுவர் அசைகிறது என்பது பொருள். அதற்குப் பூச்சு உதவாது. றப்பர் விரிப்பே உகந்தது. அதன் நீளம், தடாகத்தின் நீளத்துடன் ஆழத்தின் இருமடங்கையும் ஓரங்களுக்கு 60 சென்ரிமீற்றரையும் கூட்டியதாகும். அகலத்துக்கும் அவ்வாறே. 2 மீற்றர் நீளமும் 1 மீற்றர் அகலமும் 60 சென்ரிமீற்றர் ஆழமும் கொண்ட தடாகத்திற்கு 3.8 மீற்றருக்கு 2.8 மீற்றர் விரிப்புத் தேவை. கூரிய கற்கள் கிழிக்காதிருக்க, கீழே தடித்த அடிவிரிப்பு ஒன்றை இடுங்கள்.

ஒன்றை வருத்தத்துடன் கூறுகிறேன். என் தடாகத்திற்குப் புதிதாகச் சீமெந்து பூசிய ஆண்டில் அவசரப்பட்டு மீன்களை விட்டேன். ஒரு வாரத்தில் அனைத்தும் மடிந்தன. புதுச் சீமெந்திலிருந்து கரையும் சுண்ணாம்பு நீரைக் கடுங்காரமாக்குகிறது. பலமுறை நிரப்பி வெளியேற்றி, காரத்தன்மையைச் சோதித்த பின்னரே மீன்களை விடுங்கள். குழாய்நீரின் குளோரினையும் நீக்குங்கள். சீமெந்து கலந்த நீரைத் தெருவின் மழைநீர் வடிகாலில் ஊற்றாதீர்கள். அது ஓடைகளையும் ஆறுகளையும் சென்றடையும்.

இறுதியாக, வேலை நடைபெறும் நாட்களில் வெறுமையான தடாகத்தில் மழைநீர் தேங்கும். சில சென்ரிமீற்றர் நீரிலும் குழந்தை மூழ்கக்கூடும். உறுதியான கம்பி வலையால் அதனை மூடி வையுங்கள். குழந்தைகளைத் தனியே விடாதீர்கள். மீன்களை மீண்டும் வாங்கலாம். பூச்சை மீண்டும் பூசலாம். ஆனால் ஒரு குழந்தையின் உயிருக்கு மாற்றில்லை.