சிலி மக்களும் பினோசே சட்டமும்
(ஆலைத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



தென் அமெரிக்காவின் மேற்குக் கரையில் சிலி என்றொரு நாடு. அங்கே மக்கள் தேர்ந்தெடுத்த அலெண்டே சர்க்காரை 1973 செப்டம்பர் 11ல் ராணுவம் கவிழ்த்தது. சர்வாதிகாரி பினோசே 1980ல் ஓர் அரசியல் சட்டத்தைக் கொண்டுவந்தான். தண்ணீர் எடுக்கும் உரிமை, அதை வைத்திருப்பவனுடைய சொத்து என்று அதில் ஒரு சரத்து. மறு வருஷம் வந்த தண்ணீர்ச் சட்டம், அந்த உரிமையை நிலத்திலிருந்து பிரித்து வாங்கலாம், விற்கலாம் என்றது. நிலம் ஒருவனிடம், தண்ணீர் இன்னொருவனிடம்! மடை திறக்கும் தோழர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

பெட்டோர்கா என்ற பகுதியில் பெரிய பண்ணைகள் வெண்ணெய்ப்பழத் தோட்டம் போட்டன. தோட்டம் பச்சையாக நின்றது, ஆறு வற்றியது, ஜனங்கள் லாரித் தண்ணீரை நம்பிக் கிடந்தார்கள்.

சட்டத்தைத் திருத்தலாமே என்பீர்கள். பூட்டுப் போட்டல்லவா வைத்திருந்தார்கள்! சர்வாதிகாரம் போன பிறகும், முக்கியமான அத்தியாயங்களில் கைவைக்க மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டியிருந்தது.

2019 அக்டோபரில் தலைநகரில் சுரங்க ரயில் கட்டணம் 30 பெசோ உயர்ந்தது. மாணவர்கள் தொடங்கினார்கள், நாடே தெருவுக்கு வந்தது. ஆட்சியாளர்கள் பணிந்தார்கள். 2020 அக்டோபர் வாக்கெடுப்பில் 78 சதவிகிதம் பேர் புதிய சட்டம் வேண்டும் என்றார்கள். மகத்தான வெற்றிதான். ஆனால் கணக்கைப் பாருங்கள்: ஓட்டுப் போட்டவர்கள் சுமார் 75 லட்சம், வாக்காளர்களில் பாதி. மற்றப் பாதி வீட்டில் இருந்தது. அவர்கள் மனதில் என்ன இருந்தது என்று யார் போய்க் கேட்டார்கள்?

155 பேர் கொண்ட சபை ஒரு வருஷம் உட்கார்ந்து 388 சரத்துகள் எழுதியது. தண்ணீர் பொது, வேலைநிறுத்தம் உரிமை, வீடு உரிமை என்றெல்லாம் நல்ல சரத்துகள். இதற்கிடையில், புற்றுநோய் என்று சொல்லி ஓட்டு வாங்கிய ஒரு பிரதிநிதி அது பொய் என்று ஒப்புக்கொண்டார். சபையின் பெயர் கெட்டது. "உங்கள் வீடு பறிபோகும்" என்று பிற்போக்குக் கூட்டம் வதந்தி கிளப்பியது. வதந்தியைத் திட்டிப் பயனில்லை, தோழர்களே. கடன் கட்டி வீடு வாங்கியவன் பயப்படத்தான் செய்வான். எந்தச் சரத்து அவனைக் காக்கிறது என்று வாசலில் நின்று சொன்னவர்கள் போதவில்லை.

2022 செப்டம்பர் 4ல் மறு வாக்கெடுப்பு. இம்முறை ஓட்டுக் கட்டாயம். 1 கோடியே 30 லட்சம் பேர் வந்தார்கள். 62 சதவிகிதம் நிராகரித்தது. நிராகரித்தவர்கள் மட்டுமே 78 லட்சம், அதாவது முதல் வாக்கெடுப்புக்கு வந்த அத்தனை பேரையும்விட அதிகம்! தண்ணீருக்குத் தவித்த பெட்டோர்காவிலும் பெரும்பான்மை "வேண்டாம்" என்றது.

அடுத்து நடந்தது அதைவிட மோசம். 2023 மேயில் இன்னொரு சபைக்குத் தேர்தல். பழைய சட்டமே போதும் என்றிருந்த தீவிர வலதுசாரிகள் முதலிடம் பிடித்தார்கள். பேனா அவர்கள் கைக்குப் போயிற்று. அவர்கள் எழுதிய நகலை டிசம்பரில் சுமார் 56 சதவிகிதம் பேர் தள்ளினார்கள். பினோசே சட்டம் ஒழிக என்று முழங்கியவர்களே, அது நிலைக்கும்படி ஓட்டுப் போட வேண்டியதாயிற்று.

பார்லிமெண்டில் பத்து வருஷத்துக்கு மேல் கிடந்த ஒரு சாதாரண மசோதா மட்டும் 2022 ஏப்ரலில் சட்டமாயிற்று. குடிநீருக்கு முதலிடம், புதிதாகத் தரும் தண்ணீர் உரிமை 30 வருஷத்துக்கு மேல் இல்லை. பண்ணைகள் முன்பே வாங்கி வைத்த உரிமைகளுக்கு அந்த வரம்பு கிடையாது.