மலை வண்டிக்கு ஒற்றை முன்னச்சு



சென்ற தை மாதம் வெள்ளிமலையில் மரவள்ளி மாவுப்பூச்சியைப் பற்றிப் பேசப் போயிருந்தேன். கூட்டம் முடிந்து டீ குடிக்கும்போது ஒரு விவசாயி என்னை ஓரமாக அழைத்துப் போனார். "பூச்சிக்கு வழி சொல்லிட்டீங்க சார். என் வண்டிக்கும் ஒரு வழி சொல்லுங்க" என்றார். அவருடைய பிக்கப் வேனின் முன்பக்கத்தைக் கழற்றிவிட்டு, அதில் பழைய ஜீப்பின் ஒற்றை அச்சைப் பொருத்தித் தருவதாகப் பட்டறைக்காரர் ஒருவர் சொல்லியிருக்கிறார். கொஞ்சம் செலவு, ரெண்டு நாள் வேலை. "போட்டுக்கலாமா சார்?"

நான் பயிர் படித்தவன், வண்டி படித்தவன் அல்ல. ஆனாலும் பதினெட்டு வருஷமாக மலைப் பாதையில் ஜீப்பில் இடுப்பொடிந்தவன். அன்று பதில் சொல்லவில்லை. பிறகு சேலத்தில் இரண்டு மூத்த மெக்கானிக்குகளிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டதைத்தான் இன்று சொல்கிறேன்.

வண்டிப் பேச்சுக்கும் விவசாயத்துக்கும் என்ன சம்பந்தம் என்று சமவெளிக்காரர்கள் கேட்கலாம். கல்வராயன் மலையில் மரவள்ளி போடுகிறவர்கள் கேட்க மாட்டார்கள். கிழங்கைப் பிடுங்கிய இரண்டு மூன்று நாளில் உள்ளே நீலமும் கறுப்புமாகக் கோடு ஓட ஆரம்பித்துவிடும். சேகோ ஆலையில் மாவுச்சத்துப் பாயிண்ட் பார்த்துத்தான் விலை. பிடுங்கிய கிழங்கு களத்தில் கிடக்க, வண்டி பட்டறையில் நின்றால், பத்து மாத உழைப்பு கண்ணெதிரே கறுத்துப் போகும்.

சரி, ஒற்றை அச்சு என்றால் என்ன? உங்கள் டிராக்டரின் முன்பக்கம் குனிந்து பாருங்கள். ஒரு சக்கரத்திலிருந்து மறு சக்கரம் வரை ஒரே இரும்பு. காவடித் தண்டு மாதிரி. ஒரு பக்கம் கல்மேல் ஏறினால் மறுபக்கம் தாழ்ந்து தரையை விடாமல் பிடித்துக்கொள்ளும். 407 லாரிக்கும், அந்தக்காலத்து ஜீப்புக்கும், ஜிப்ஸிக்கும் இதே ஏற்பாடுதான். மேலே கமான் பட்டை. புதுக் கார்களிலும் பல வேன்களிலும் இடது சக்கரம் தனி, வலது சக்கரம் தனி. தார் ரோட்டில் அது சொகுசு. வண்டித்தடத்தில் பாரத்தோடு போனால் பால் ஜாயின்டும் புஷ்ஷும் சீக்கிரம் தேயும். முன்சக்கரமும் இழுக்கிற வண்டியாக இருந்தால், ஜாயின்டின் மேலுள்ள ரப்பர் உறை கிழிந்து சேறு புகும். அப்புறம் கடகடவென்று சத்தம்தான். ஆகவே நம் விவசாயியின் ஆசை தப்பில்லை.

ஆனால் கணக்கு எங்கே தப்புகிறது தெரியுமா? காயலாங்கடையில் அச்சு மலிவாகக் கிடைக்கும். அது செலவின் ஆரம்பம். கமான் பட்டை வேண்டும். அதைத் தாங்கச் சட்டத்தில் புதுத் தாங்கிகள் வேண்டும். சேக்கிள், யூ போல்ட், ஷாக் அப்சர்பர், பிரேக் ஹோஸ் எல்லாம் வேண்டும். ஸ்டீயரிங் முழுவதும் மாற வேண்டும். பழைய வண்டியில் இரண்டு சக்கரத்துக்கும் தனித்தனியே போன கம்பிகள் இதற்கு உதவாது. டிராக் லிங்க் ஏறக்குறைய மட்டமாக ஓட வேண்டும். சரிவாக நின்றால், பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் ஸ்டீயரிங் தானாகத் திரும்பும். கிங் பின்னின் மேல்முனை சில டிகிரி பின்னால் சாய்ந்திருக்க வேண்டும். அந்தச் சாய்வு போதாமல், கூடவே ஏதாவது ஒரு முனை தேய்ந்தும் இருந்தால், ஒரு வேகத்தில் முன்சக்கரம் இரண்டும் பேய் பிடித்த மாதிரி உதறும்.

நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டியானால் இன்னொரு விஷயம் உண்டு. முன் அச்சின் பல் விகிதமும் பின் அச்சின் விகிதமும் ஒன்றாக இருக்க வேண்டும். வில்லிஸ் காலத்து ஜீப்பில் 43 பல்லுக்கு 8 பல். பின்னால் வந்த வண்டிகளில் வேறு வேறு. விகிதம் மாறினால் இரண்டு அச்சும் ஒன்றோடொன்று மல்லுக்கு நின்று, நடுவிலிருக்கும் கியர்பெட்டியை உடைத்துவிடும். இதைச் சோதிக்க எளிய வழி ஒன்று சொன்னார்கள். கியரை நியூட்ரலில் வையுங்கள். ஒரு பக்கச் சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி இரண்டு சுற்று சுற்றுங்கள். புரொப்பல்லர் ஷாஃப்ட் எத்தனை சுற்றுகிறதோ, அதுதான் விகிதம்.

இத்தனையும் சரியாகச் செய்துவிட்டாலும் சட்டம் இருக்கிறது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுப்படி, தயாரிப்பாளர் குறித்துக் கொடுத்து ஆர்.சி.யில் ஏறிய விவரங்கள் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதை உறுதியாகச் சொல்லிவிட்டது. "மலைமேல யார் சார் பாக்கப் போறாங்க?" என்பீர்கள். விபத்து நடந்த மறுநாள் எல்லாரும் பார்ப்பார்கள்.

என் மைத்துனர் வண்டியில் அதைக் கண்டேன். முன் அச்சு மாற்றினார். நீளம் போதாத டிராக் லிங்கைக் காய்ச்சி, ஒட்டு வெல்டு வைத்திருந்தார்கள். இறக்கத்தில், பாரத்தோடு, திருப்பத்தில் ஒட்டு விட்டது. நல்ல வேளை, வண்டி மலைப்பக்கம் போய் மோதியது. மறுபக்கம் எண்பதடி. தங்கைக்குக் கை உடைந்தது. இன்ஷூரன்ஸ் கேட்டபோது, மாற்றிய வண்டி என்று கையை விரித்துவிட்டார்கள். ஸ்டீயரிங் கம்பியில் வெல்டு வைக்கிற பட்டறையை விட்டு உடனே வெளியே வந்துவிடுங்கள். இதில் எனக்கு இரண்டாவது பேச்சே கிடையாது.

அப்படியானால் வழி? கம்பெனியிலிருந்தே ஒற்றை அச்சோடு வந்த பழைய வண்டியாகப் பார்த்து வாங்குங்கள். எம்.எம்.540, கமாண்டர் போன்றவை இன்னும் மலையில் ஓடுகின்றன. வேனை விற்ற காசில் வாங்கி, மீதியை அச்சைச் சீராக்கப் போடலாம். பெயின்ட்டைப் பார்த்து மயங்காதீர்கள். ஆர்.சி. புத்தகத்திலுள்ள சேசிஸ் நம்பரை முதலில் ஒத்துப் பாருங்கள். பிறகு முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவரை பிரேக் மிதிக்கச் சொல்லுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் வீல் பேரிங். நிற்காவிட்டால் கிங் பின் பக்கம் கோளாறு. இடம் வலமாக ஆட்டினால் டை ராட் முனைகளின் தேய்மானம் தெரியும். ஸ்டீயரிங் பெட்டி உட்கார்ந்த இடத்திலும் கமான் தாங்கிகளின் ஓரத்திலும் சட்டத்தில் விரிசல் இருக்கிறதா என்று கம்பி பிரஷால் தேய்த்துப் பாருங்கள். விரிசல் இருந்தால் அந்த வண்டி வேண்டாம்.

செலவைக் குறைக்க வேண்டுமா? இருக்கையிலும் விளக்கிலும் குறையுங்கள். டை ராட் முனை, கிங் பின், பிரேக் ஹோஸ், யூ போல்ட் இவை நான்கும் புதிதாகவே இருக்கட்டும். ஒரு முறை கழற்றிய யூ போல்ட்டைத் திரும்பப் போட வேண்டாம். யூ போல்ட் தளர்ந்தால் சென்டர் போல்ட் வெட்டுப்பட்டு, அச்சே பின்னால் நகர்ந்துவிடும்.

வெள்ளிமலை விவசாயிக்கு இதையெல்லாம் போனில் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. "ஆசையா இருந்தேன் சார்" என்றார். சித்திரையில் கச்சிராயபாளையத்தில் பார்த்தபோது ஒரு பழைய கமாண்டரின் அடியில் படுத்திருந்தார், கையில் ஸ்பேனர். முதல் லோடு இறக்கிவிட்டு வந்து, யூ போல்ட்டை இன்னொரு முறை முறுக்கிக்கொண்டிருந்தார். கால் திருகு இறங்கியதாம். நீங்களும் முதல் இரண்டு மூன்று லோடுக்குப் பிறகு முறுக்கிப் பாருங்கள்.