கையெழுத்துப் போடும் முன்



வேலைச் சந்தை என்றால் புதிய வேலை தேடுவதைத்தான் பேசுகிறோம். இருக்கும் வேலை போகும் நாளைப் பற்றிப் பேசுவது அபசகுனம் என்று நினைப்போர் உண்டு. அடுத்த சில மாதக் குடும்பச் செலவு அந்த ஒரு நாளில்தான் முடிவாகிறது.

மலேசியாவில் 2018 ஜனவரியில் வேலைக் காப்புறுதித் திட்டம் நடப்புக்கு வந்தது. சம்பளச் சீட்டில் சொக்சோவுக்கு அருகில் சிறு தொகை கழிகிறதே, அதுதான். ஆட்குறைப்பில் வேலை இழந்தவருக்கு 2017ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்த உதவித் தொகை, முதல் மாதம் சம்பளத்தில் 80 விழுக்காடு, இரண்டாம் மாதம் 50, பின்னர் 40, 40, 30, 30. சம்பளத்துக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. சந்தா செலுத்திய மாதங்கள் குறைந்தால் உதவி பெறும் மாதங்களும் குறையும்.

தானாக விலகியவருக்கு இதில் இடமில்லை. ஆளைக் குறைக்கும் சில நிறுவனங்கள், "பெயர் கெடாமல் போகலாம்" என்று இனிக்கப் பேசி ராஜினாமா கடிதத்தை நீட்டுவது இங்கேதான் வினையாகிறது. கடிதம் தொழிலாளியின் கையெழுத்தில் இருந்தால், நீக்கப்பட்டதை நிரூபிக்கும் பாரம் அவர் தலையில். நிறுவனமே இழப்பீட்டுடன் அறிவிக்கும் சுயவிருப்ப விலகல் திட்டம் வேறு. அதற்கு உதவி உண்டு. இரண்டையும் குழப்பிக்கொள்வோர் ஏராளம்.

விண்ணப்பம் வேலை போன 60 நாளுக்குள் பெர்கேசோவுக்குப் போக வேண்டும். வெட்கப்பட்டு வீட்டாரிடம் சொல்லாமல் இரண்டு மாதம் கடத்துபவர் அந்தப் பணத்தையும் இழக்கிறார். இடையில் வேலை கிடைத்துவிட்டால்? மீதமுள்ள தொகையில் 25 விழுக்காட்டை ஒரே தடவையாகக் கொடுக்கவும் அதே சட்டம் வழிசெய்தது.