கியர் ராடைக் குறைக்கலாமா?

(கார் ஓட்டுநர்களுக்கான ஒரு பேச்சு)



இன்றைய பேச்சு ஒரு சிறிய பொருளைப் பற்றியது. அதன் நீளம் ஒரு முழத்துக்குள்தான் இருக்கும். ஆனால் கார் ஓட்டுபவரின் இடது கை ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான முறை அதைத் தொடும். அதுதான் கியர் ராடு.

அம்பாசிடர், பிரீமியர் பத்மினி கார்களில் பல ஆண்டுகள் கியர் ராடு ஸ்டியரிங்கின் பக்கத்தில் இருந்தது. 1983-ல் மாருதி 800 வந்தது. அதில் கியர் ராடு தரையில், முன் இருக்கைகள் இரண்டுக்கும் நடுவில் நின்றது. அந்தக் கார் தயாரிப்பு 2014-ல் நின்றுவிட்டது. ஆனாலும் பழைய வண்டிகள் பல இன்னும் ஓடுகின்றன.

டேராடூனில் ஓர் ஓட்டுநர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வீட்டில் கார் ஓட்டும் வேலை. கார் பழைய மாருதி 800. அவருக்கு ஒரு குறை. மூன்றாவது கியர் போடக் கையை எட்டி நீட்ட வேண்டியிருக்கிறது. மாலையில் இடது தோள் வலிக்கிறது.

அவருடைய நண்பரும் ஓட்டுநர்தான். நண்பர் ஓட்டுவதும் அதே மாதிரி கார். அவர் தம் வண்டியின் கியர் ராடை 10 செ.மீ. வெட்டிவிட்டார். "டக் டக்கென்று கியர் விழுகிறது. நீயும் வெட்டிவிடு" என்றார்.

நம்பிக்கை வர, ஒரு நாள் நண்பரின் காரை வாங்கி ஓட்டினார் இவர். டேராடூனிலிருந்து முசூரிக்குப் போனார்கள். முசூரி சுமார் 2,000 மீட்டர் உயரத்தில் உள்ள மலை ஊர். ஏறும்போது தொல்லை இல்லை. இறங்கும்போது ஒரு கொண்டை ஊசி வளைவு வந்தது. வேகம் குறைய வேண்டும். மூன்றாவது கியரிலிருந்து இரண்டாவது கியருக்கு இழுத்தார். விழுந்தது நான்காவது கியர்!

கார் அடங்கவில்லை. இன்னும் வேகம் எடுத்தது. எதிரே ஒரு பஸ் ஏறி வந்தது. பிரேக்கை அழுத்தி, ஓரத்துச் சுவரை ஒட்டி நிறுத்தினார். யாருக்கும் அடி இல்லை. ஆனால் கை நடுக்கம் நிற்க நெடுநேரம் ஆயிற்று.

மறுநாள் அவர் மெக்கானிக்கிடம் போனார். வட இந்தியாவில் மூத்த மெக்கானிக்கை 'உஸ்தாத்' என்று மரியாதையாக அழைப்பார்கள்.

"உஸ்தாத்ஜி, என் வண்டியிலும் ராடை வெட்டலாம் என்று இருந்தேன். நேற்று உயிர் தப்பியது பெரிய காரியம். ராடைக் குறைப்பது தப்பா?" என்று கேட்டார்.

"தப்பா சரியா என்பது அப்புறம், பேட்டா. முதலில் கணக்கைப் பார்" என்றார் உஸ்தாத். சாக்பீஸை எடுத்துத் தரையில் கோடு போட்டார்.

கைப்பம்பு சொல்லும் பாடம்

உங்கள் ஊரில் கைப்பம்பு இருக்கும். பெரும்பாலும் அது 'இந்தியா மார்க் 2' என்ற வகையாக இருக்கும். அதன் கைப்பிடி ஏன் அவ்வளவு நீளம்? கைப்பிடியின் நீண்ட பக்கம் நீங்கள் பிடிப்பது. குட்டையான பக்கம் உள்ளே கம்பியைத் தூக்குவது. இந்த அளவு 8-க்கு 1. கை நிறைய தூரம் போகிறது. அதனால் குறைந்த பலமே போதுமாகிறது. அந்தக் கைப்பிடியைப் பாதியாக வெட்டினால் என்ன ஆகும்? கை போகும் தூரம் பாதியாகும். ஆனால் இரண்டு மடங்கு பலத்தோடு அழுத்த வேண்டும். குழந்தையும் கிழவியும் தண்ணீர் அடிக்க முடியாது.

இதற்குப் பெயர் நெம்புகோல். கடப்பாரை ஒரு நெம்புகோல். கியர் ராடும் ஒரு நெம்புகோல்தான்.

கியர் ராடு ஓர் இடத்தில் தாங்கி நிற்கிறது. அந்த இடத்துக்கு மேலே நீண்ட பக்கம். உச்சியில் குமிழ். கீழே குட்டையான பக்கம். அது காரின் அடியில் உள்ள கம்பியைத் தள்ளுகிறது. அந்தக் கம்பி கியர் பெட்டிக்குள் கியரை மாற்றுகிறது.

உஸ்தாத் போட்ட கணக்கு

கணக்குக்காக ஓர் அளவு வைத்துக்கொள்ளுங்கள். மேல் பக்கம் 40 செ.மீ. கீழ்ப் பக்கம் 5 செ.மீ. அதாவது 8-க்கு 1. கியர் விழ, கீழ் முனை 1.5 செ.மீ. நகர வேண்டும். அப்போது மேலே குமிழ் 12 செ.மீ. போகும். அதற்கு 3 கிலோ பலம் தேவை என்று வையுங்கள்.

12 × 3 = 36.

இப்போது மேலே 10 செ.மீ. வெட்டுங்கள். மேல் பக்கம் 30 செ.மீ. ஆகிறது. கீழே தேவையான 1.5 செ.மீ. மாறாது. அது கியர் பெட்டியின் அளவு. குமிழ் இப்போது 9 செ.மீ. போனால் போதும். ஆனால் 4 கிலோ பலம் வேண்டும்.

9 × 4 = 36.

ராடின் மேல் 8 செ.மீ. குழாய் சேர்த்து உயர்த்தினால்? குமிழ் 14.4 செ.மீ. போகும். 2.5 கிலோ பலம் போதும்.

14.4 × 2.5 = 36.

மூன்று கணக்கிலும் விடை ஒன்றே. தூரத்தில் மிச்சம் பிடித்தால் பலத்தில் கொடுக்க வேண்டும். பலத்தில் மிச்சம் பிடித்தால் தூரத்தில் கொடுக்க வேண்டும். இரண்டையும் ஒரே சமயம் மிச்சம் பிடிக்க முடியாது.

உயரத்தைத் தொடாமல் தூரத்தை மட்டும் குறைக்கவும் வழி உண்டு. ராடின் கீழ்ப் பக்கத்தை நீளமாக்குவார்கள். அல்லது ராடு தாங்கும் இடத்தைச் சற்று உயர்த்துவார்கள். அப்போதும் இந்தக் கணக்கு மாறாது. கைக்குக் கூடுதல் பலம் வேண்டும்.

நான்காவது கியர் ஏன் விழுந்தது?

குமிழ் முன்னும் பின்னும் மட்டும் போவதில்லை. இடமும் வலமும் போகிறது. மாருதி 800-ல் முதல் கியரும் இரண்டாவது கியரும் இடப்பக்க வரிசை. மூன்றும் நான்கும் வலப்பக்க வரிசை. ராடைக் குறைத்தால் இந்த வரிசைகளும் நெருங்கிவிடும். இரண்டாவது கியரும் நான்காவது கியரும் பின்னால்தான் இருக்கின்றன. பழைய பழக்கத்தில் கை அவசரமாக இழுத்தது. வரிசை மாறிவிட்டது. இரண்டுக்குப் பதில் நான்கு விழுந்தது.

இன்னொன்றும் உண்டு. கியர் பெட்டிக்குள் பித்தளை வளையங்கள் இருக்கின்றன. அவற்றைச் 'சிங்க்ரோ' என்பார்கள். ஓடும் பஸ்ஸில் ஏறுபவர் என்ன செய்வார்? கொஞ்ச தூரம் கூடவே ஓடி, வேகத்தைச் சமமாக்கி, பிறகு ஏறுவார். சிங்க்ரோ வளையமும் அப்படித்தான். கியரின் வேகத்தைச் சமமாக்கிப் பிறகு சேர விடும். அதற்கு ஒரு நொடிப் பொழுதாவது வேண்டும். குட்டை ராடு கையை அவசரப்படுத்தும். பலமாகவும் தள்ள வைக்கும். 'கர்' என்று சத்தம் வரும். நாள் போகப் போக வளையம் தேயும். அதை மாற்றக் கியர் பெட்டியையே இறக்க வேண்டும். ராடை வெட்டும் கூலியைவிட அது எத்தனையோ மடங்கு செலவு.

தோள் வலிக்கு என்ன வழி?

"அப்படியானால் என் தோள் வலி?" என்று கேட்டார் ஓட்டுநர்.

"இருக்கையில் உட்கார். உன் வழக்கப்படியே உட்கார்" என்றார் உஸ்தாத்.

ஓட்டுநர் உட்கார்ந்தார். இருக்கை கடைசி வரை பின்னால் தள்ளியிருந்தது. வீட்டுக்காரரின் மகன் உயரமானவர். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் ஓட்டுவார். இருக்கையைப் பின்னால் தள்ளுவார். ஓட்டுநர் அதைத் திரும்ப முன்னால் இழுப்பதே இல்லை. உஸ்தாத் இருக்கையை முன்னால் நகர்த்தினார். மூன்றாவது கியர் கைக்கு எட்டியது.

பிறகு நியூட்ரலில் ராடை ஆட்டினார். அது தளதளவென்று ஆடியது. காருக்கு அடியில் படுத்துப் பார்த்தார். கம்பி சேரும் இடத்தில் புஷ் தேய்ந்து போயிருந்தது. புஷ் சின்னப் பொருள். அது தேய்ந்தால் ராடு வீணாக ஆடும். கை தள்ளும் தூரத்தில் ஒரு பங்கு இந்த வீண் ஆட்டத்திலேயே போய்விடும். புது புஷ் போட்டார். வீண் ஆட்டம் நின்றது. கை போகும் தூரம் தானாகக் குறைந்தது. பலமும் கூடவில்லை.

கிளட்ச் கேபிளையும் சரி செய்தார். கிளட்ச் முழுவதும் விடுபடாவிட்டால் கியர் இறுக்கமாக விழும். கியர் ஆயிலையும் பார்த்தார்.

"இப்போது ஓட்டிப் பார். பதினைந்து நாள் கழித்து வா. அப்போதும் வெட்ட வேண்டும் என்று தோன்றினால் பேசலாம்" என்றார்.

கட்டாயம் மாற்ற வேண்டும் என்றால்

சிலருக்கு மாற்றம் உண்மையிலேயே தேவைப்படலாம். கை எட்டாதவர்கள் இருக்கிறார்கள். தோளில் பலம் குறைந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கவனிக்க வேண்டியவை இவை.

வண்டியோடு வந்த ராடை வெட்டாதீர்கள். வேறு ராடு வாங்கி அதில் வேலை செய்யுங்கள். பழையதைப் பத்திரமாக வையுங்கள்.

ஒரே தடவையில் அதிகம் குறைக்காதீர்கள். குமிழ் திருகும் மரை சரியாக இருக்கட்டும். வளைவில் குமிழ் கையோடு வந்துவிடக் கூடாது.

உயர்த்தினால், எல்லாக் கியரையும் போட்டுப் பாருங்கள். ராடு டேஷ்போர்டில் இடிக்கக் கூடாது. கை ஸ்டியரிங்கில் இடிக்கக் கூடாது. சில கார்களில் ரிவர்ஸ் போட ஒரு வளையத்தைத் தூக்க வேண்டும். அதற்கும் இடம் வேண்டும்.

முதலில் ஆளில்லாத மைதானத்தில் ஓட்டிப் பழகுங்கள். மலைச் சாலைக்கு உடனே போகாதீர்கள்.

கார் உங்களுடையது அல்ல என்றால், உரிமையாளரிடம் முதலில் கேளுங்கள். வேறு யாராவது ஓட்டினால், ராடு மாறியிருப்பதை அவரிடம் சொல்லுங்கள். முசூரி சாலையில் நடந்தது நினைவிருக்கட்டும்.

சட்டமும் உண்டு. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு வண்டியை மாற்றுவது பற்றியது. தயாரித்தவர் கொடுத்த விவரங்களிலிருந்து ஆர்.சி. விவரங்கள் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. ஆகவே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு செய்யுங்கள். இன்சூரன்ஸ் தாளையும் ஒரு முறை படித்துப் பாருங்கள்.

பதினைந்து நாள் கழித்து அந்த ஓட்டுநர் உஸ்தாத்திடம் போனார். ராடை வெட்டப் போகவில்லை. நண்பரைக் கூட்டிக்கொண்டு போனார். நண்பரின் காருக்குப் பழைய நீளத்தில் ஒரு ராடு போட வேண்டியிருந்தது.

நண்பர்களே, வலி எங்கே என்று பாருங்கள். கணக்கைப் போடுங்கள். அதன் பிறகு ரம்பத்தைத் தொடுங்கள்.

பேசிப் பாருங்கள்

1. உங்கள் வீட்டில், வயலில், வேலை செய்யும் இடத்தில் என்னென்ன நெம்புகோல்கள் இருக்கின்றன?

2. மேல் பக்கம் 20 செ.மீ., கீழ்ப் பக்கம் 5 செ.மீ. என்றால் குமிழ் எவ்வளவு தூரம் போகும்? எவ்வளவு பலம் வேண்டும்? உஸ்தாத் போட்டதுபோல் கணக்குப் போடுங்கள்.

3. ஓட்டுநரின் தோள் வலிக்கு உண்மையான காரணங்கள் எவை?