மூணு ரிப்போர்ட், மூணு பதில்



ஆனைமலையில் இருக்கிற எங்க பெரியம்மாவுக்கு மார்பில் சின்னதா ஒரு கட்டி. மேமோகிராம் ரிப்போர்ட்டில் 'சந்தேகப்படும்படி எதுவும் இல்லை'ன்னு வந்துச்சு. ஸ்கேன் ரிப்போர்ட்டில் 'பை-ராட்ஸ் 4'. மெல்லிய ஊசி போட்டு எடுத்த சோதனையில் 'சி-1'. மூணையும் எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிட்டு, "மொதல் ரிப்போர்ட் நல்லாத்தான இருக்குது கண்ணு, இதோட விட்டுரலாமா?"ன்னு கேட்டாங்க.

உங்க வீட்டிலும் இந்தக் கேள்வி வரலாம். அதனால்தான் பேசறேன்.

மேமோகிராம் ஒரு எக்ஸ்ரே. மார்புத் திசு அடர்த்தியா இருந்தா அதுவும் வெள்ளையாத் தெரியும், கட்டியும் வெள்ளையாத் தெரியும். கட்டி அதில் மறைஞ்சு போகலாம். அதுக்காகத்தான் கூடவே அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுக்கறாங்க.

'4'ன்னு பார்த்ததும் பெரியம்மா நாலாவது ஸ்டேஜ்னு பயந்துட்டாங்க. அது ஸ்டேஜ் இல்லைங்க. திசு எடுத்துப் பார்த்தே ஆகணும் என்கிற குறியீடு. அப்படிப் பார்த்ததில் சாதாரணக் கட்டியா முடிஞ்சது நிறைய உண்டு.

சி-1 விஷயத்தில்தான் பலரும் ஏமாந்துடறாங்க. 'புற்றுநோய் இல்லை'ன்னு அது சொல்லவே இல்லை. ஊசியில் போதுமான செல் வரலைன்னுதான் சொல்லுது. அந்தச் சோதனை இன்னும் நடக்கலைன்னே வெச்சுக்கோங்க.

நான் இதழியல் படிச்ச ஆள். மூணு பேர் மூணு விதமாச் சொன்னா, நமக்குப் பிடிச்சதை மட்டும் எழுதிட முடியாது. டாக்டர்களும் அப்படித்தான்: கையால் தொட்டுப் பார்த்தது, படம், திசு மூணையும் சேர்த்து வெச்சுத்தான் முடிவு சொல்வாங்க. பெரியம்மாவுக்கு அந்த இடத்தை மரத்துப்போக வெச்சு, கொஞ்சம் தடிமனான ஊசியில் கோர் பயாப்ஸி எடுத்தாங்க. ஆரம்பநிலைப் புற்றுநோய். சிகிச்சை நடக்குது.

பயாப்ஸி 'நல்லாருக்கு'ன்னு வந்தாலும், "ஸ்கேனோட இது ஒத்துப்போகுதுங்களா டாக்டர்?"னு கேளுங்க. ஒத்துப்போகலைன்னா மறுபடி திசு எடுக்கணும், இல்லைன்னா கட்டியையே அகற்றிப் பரிசோதிக்கணும்.

பொள்ளாச்சி அரசு மருத்துவமனைக்கோ, கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ போறப்ப, போன் போட்டோ மட்டும் போதாது. ஃபிலிம், சிடி, லேபில் இருக்கிற ஸ்லைடு, மெழுகுக் கட்டி எல்லாத்தையும் கேட்டு வாங்கிட்டுப் போங்க. இன்னொரு டாக்டர் அதே ஸ்லைடைத் திரும்பப் படிக்க முடியும். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையையும் மறக்காதீங்க. எங்க போறதுன்னு குழப்பம்னா 104-க்குக் கூப்பிடுங்க.