சிஎல்பி: பணம் கட்டுவதற்கு முன்



"என் பிள்ளை லா படிக்கிறாள்" என்று சொல்லும்போது அம்மாக்களின் முகத்தில் தெரியும் பூரிப்பு எனக்குத் தெரியும். என் அம்மா பால்மரம் வெட்டியவர். பட்டம் வாங்கினால் மட்டும் லாயர் ஆகிவிட முடியாது என்பது எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது.

மலாயாப் பல்கலைக்கழகம், யூகேஎம் போன்ற இடங்களில் சட்டம் படித்தவர்களுக்கு சிஎல்பி தேவையில்லை. இங்கிருந்தே லண்டன் பல்கலைக்கழகப் பட்டம் படிப்பவர்கள் எழுதியே ஆகவேண்டும். நம் பிள்ளைகள் பலருக்கு அதுதான் வழி. எந்தப் பட்டமானாலும் சட்டத் தொழில் தகுதி வாரியத்தின் அங்கீகாரம் உண்டா என்று முதலில் பாருங்கள். கல்லூரி ஏஜெண்டு சொன்னார் என்று நகையை அடகு வைக்காதீர்கள்.

மொத்தம் 5 தாள்கள்: பொதுத் தாள், சிவில் நடைமுறை, குற்றவியல் நடைமுறை, சாட்சியச் சட்டம், தொழில் நடைமுறை. நான் முதல் முறை குற்றவியல் நடைமுறையில் கோட்டை விட்டேன். டியூஷன் நோட்ஸை மனப்பாடம் செய்ததுதான் காரணம்.

அந்தச் சமயம் பக்கத்து வீட்டுப் பையனைப் போலீஸ் பிடித்துப் போனது. அவன் அம்மா ஓடி வந்து, "எத்தனை நாள் உள்ளே வைப்பாங்க, தங்கச்சி?" என்றார். லா படித்த எனக்குப் பதில் வரவில்லை. அன்றிரவுதான் 117-ஆவது பிரிவை ஒழுங்காகப் படித்தேன். 24 மணி நேரத்துக்கு மேல் வைக்க மாஜிஸ்திரேட்டின் உத்தரவு வேண்டும். 14 ஆண்டுக்குக் குறைந்த தண்டனையுள்ள குற்றமென்றால் முதலில் 4 நாள், மறுபடி கேட்டால் 3 நாள், அவ்வளவுதான். 14 ஆண்டும் அதற்கு மேலும் என்றால் 7, பிறகு 7. லாயரைப் பார்க்கும் உரிமை அரசியலமைப்பின் 5-ஆவது விதியிலேயே இருக்கிறது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு பிரிவையும், அந்த அக்காவுக்கு எப்படிச் சொல்வேன் என்று நினைத்தே படித்தேன். பழைய கேள்வித்தாள்களைக் கடிகாரத்தை வைத்துக் கையால் எழுதிப் பார்த்தேன். கை வலிக்கும், பரவாயில்லை, எழுதுங்கள்.

பாஸான பிறகும் 9 மாதம் சேம்பரிங் உண்டு. அந்தக் காலத்தில் மாஸ்டர் தரும் அலவன்ஸ் தவிர வேறு வேலை செய்யச் சட்டம் விடாது. பெற்றோர்களே, கடைசிக் காசையும் கல்லூரிக்கே கட்டிவிடாமல், அந்த 9 மாதத்துக்கு பஸ் காசும் சாப்பாட்டுக் காசும் எடுத்து வையுங்கள். படிவம் ஐந்தில் இருக்கும் பிள்ளைகளே, மலாய் மொழித் தாளை அலட்சியம் செய்யாதீர்கள். கோர்ட்டில் அந்த மொழியில்தான் பேசப் போகிறீர்கள்.