கச்சான் காலத்துக் கடல்

சாகாமத்திற்குக் கிழக்கே, திருக்கோவில் முதல் கல்முனை வரை நீண்டு கிடக்கும் மணற்கரையில், மீனவரின் ஆண்டு காற்றினாலேயே வகுக்கப்படுகிறது. மார்கழி, தை மாதங்களில் வாடைக்காற்று கடலைக் கொந்தளிக்கச் செய்யும், தோணிகள் கரையேறிவிடும். வைகாசி பிறந்தால், தென்மேற்குக் காற்று மலைநாட்டில் மழையைப் பொழிந்துவிட்டு, வறண்ட கச்சானாக இக்கரையை அடைகிறது. தரையிலிருந்து கடல்நோக்கி அது வீசுவதால் கரையோரத்தில் அலை தணிகிறது.

கரைவலை இழுப்போருக்கு இதுவே நற்காலம். கீரியும் சூடையும் நெத்தலியும் கரையை அண்டி வரும்போது, வலையின் இரு கயிறுகளையும் பலர் கூடி இழுப்பர். 2013ஆம் ஆண்டு திறக்கப்பட்ட ஒலுவில் துறைமுகத்தின் வடபால் கரை அரிப்புண்டதால், அங்கு வலை இழுக்கும் இடம் சுருங்கியுள்ளது. சூரையையும் பாரையையும் நாடுவோர் வெளிக்கடலுக்குச் செல்வர். கண்ட மேடை குறுகியதாதலின் ஆழம் வெகுதொலைவில் இல்லை.

ஆயினும் இந்த அமைதியில் ஓர் ஆபத்து உண்டு. இயந்திரம் பழுதுற்ற படகை வாடை கரைக்குத் தள்ளும். கச்சானோ நடுக்கடலுக்குக் கொண்டுபோகும். கடல் குளம்போல் தோன்றும் நாளிலும் குடிநீரையும் துடுப்பையும் மிகையாக எடுத்துக்கொண்டு, செல்லும் திசையைக் கரையிலுள்ளோரிடம் கூறிச் செல்வதே அறிவுடைமை.